ஒரு டிஸ்க், பல சர்வர்: பாணிகளும் இலக்கணமும்

பரதத்தின் பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்று எழுதிப் பழகிய மலர்ப் பக்கத்தில் டேட்டாபேஸ் சர்வர்களைப் பற்றி எழுதுவது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனால் மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இந்த மலரைப் புரட்டுகிற பலரின் வீட்டில் ஒருவராவது கணினித் துறையில் இருப்பார். அந்தத் துறைக்கும் பாணிகள் உண்டு. பாணிக்காரர்களுக்குள் சண்டையும் உண்டு.

எல்லாப் பாணிகளும் கிளைத்தது ஒரே கேள்வியிலிருந்து. கணக்கு எழுதும் சர்வர் திடீரென்று விழுந்தால், பக்கத்து சர்வர் அதே கணக்கை விட்ட இடத்திலிருந்து எடுத்து எழுத வேண்டும். அதற்குக் கணக்குப் புத்தகம் எங்கே இருக்க வேண்டும்? எல்லாருக்கும் பொதுவாக வெளியிலா, ஒவ்வொரு சர்வரிடமும் தனித்தனியாகவா?

பொதுவாக வைப்பதே மூத்த பாணி. 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவின் டெக் நிறுவனம் வாக்ஸ் கிளஸ்டர் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது: பல இயந்திரங்கள், அவை எல்லாம் சேர்ந்து படித்து எழுதும் டிஸ்க்குகள். நம் ஊர் ரயில்வே முன்பதிவு இந்த வம்சம். டில்லியில் 1980களின் நடுவில் தொடங்கிய கணினி முன்பதிவு வாக்ஸ் இயந்திரங்களில் ஓடியது. பிறகு வந்த கான்சர்ட் மென்பொருளும் அதே குடும்பத்து ஓப்பன்விஎம்எஸ் இயந்திரங்களையே நம்பியது. அதன் ஐந்து மையங்களில் மும்பையும் ஒன்று. மே மாதம் திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுக்க தாதரில் ஒருவர் நிற்கிறார், அதே நொடியில் செம்பூரில் இன்னொருவர் நிற்கிறார். இருவருக்கும் அதே கீழ்ப் படுக்கை காலியாகத் தெரிகிறது. இருவருக்கும் விற்றுவிடாமல் தடுப்பது பூட்டு. யார் முதலில் பூட்டினாரோ அவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். பொது டிஸ்க் பாணியின் உயிர் டிஸ்க்கில் இல்லை, இந்தப் பூட்டு நிர்வாகத்தில்தான் இருக்கிறது. 2001இல் ஆரக்கிள் வெளியிட்ட ராக் டேட்டாபேஸ் அமைப்பு வரை அந்த மரபு நீண்டது.

தனித்தனியாக வைக்கும் எதிர்ப் பாணிக்கு டாண்டெம் நிறுவனம் 1970களிலேயே வடிவம் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு செயலிக்கும் அதனதன் நினைவகம், அதனதன் வேலை. செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்ள வேண்டும். 1986இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் எழுதிய சிறு கட்டுரை இதற்கு வாதமும் கொடியும் தந்தது. நம் தலால் தெருவுக்கு இந்தப் பாணி 1995இலேயே வந்துவிட்டது: மும்பைப் பங்குச் சந்தையில் கூச்சல் ஏலத்தை ஒழித்த போல்ட் அமைப்பு டாண்டெம் இயந்திரங்களில்தான் ஏறியது. இன்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு ரெப்ளிகா, அதாவது தனி நகல், வைப்பவர்களும் இந்தப் பக்கம்தான்.

பொது டிஸ்க்கை எந்த வயரில் கொண்டுபோவது என்பது உட்பிரிவு. ஃபைபர் சேனல் போடும் பணக்கார வீடு ஒன்று. 2004இல் தரமாக வகுக்கப்பட்ட ஐஸ்கசி, சாதாரண ஈதர்நெட்டிலேயே டிஸ்க்கை அனுப்பும். சன் நிறுவனம் 1980களில் கொடுத்த என்எஃப்எஸ், டிஸ்க்காக இல்லாமல் கோப்பாகப் பகிரும். பணம் எவ்வளவு இருக்கிறது என்பதே இங்கே பாதி முடிவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கப்பட வேண்டியது இலக்கணப் பிழைக்கு. ஐஸ்கசியில் வந்த ஒரே டிஸ்க்கை இரண்டு லினக்ஸ் சர்வர்களில் சாதாரண ஈஎக்ஸ்டி4 ஆக மவுன்ட் செய்துவிட்டு, கிளஸ்டர் தயார் என்று கைகுலுக்கிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒன்று எழுதியது மற்றதற்குத் தெரியாது. கொஞ்ச நாளில் கோப்பு அமைப்பே சிதைந்துபோகும். இரண்டும் ஒரே நேரத்தில் எழுத வேண்டுமென்றால் ஓசிஎஃப்எஸ்2, ஜிஎஃப்எஸ்2 போல அதற்கென்றே பிறந்த கோப்பு அமைப்பு வேண்டும். என்எஃப்எஸ்ஸில் வேறு பொறி. சாஃப்ட் மவுன்ட் என்றால், சேமிப்பகம் சிறிது நேரம் பதில் தராவிட்டால் பிழை என்று சொல்லிக் கை கழுவிவிடும். டேட்டாபேஸுக்கு ஹார்ட் மவுன்ட்தான். போஸ்ட்கிரெஸ் கையேடு என்எஃப்எஸ்ஸுக்கு விதிக்கும் ஒரே கட்டாயம் அதுதான். கட்டாயமில்லை என்றாலும், அனுப்பும் முனையில் சின்க், அதாவது டிஸ்க்கில் இறங்கிய பிறகே பதில் சொல்லும் அமைப்பு, இருப்பது நல்லது. டிஸ்க்கில் இறங்காததை ‘எழுதியாயிற்று’ என்று சொல்லும் சேமிப்பகம் பொய்க்கணக்கு எழுதுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலான தரம் ஃபென்சிங். இரண்டு சர்வர்களுக்கு இடையே வயர் அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே நினைக்கும். இரண்டுமே எழுதப் பாயும். தோற்ற சர்வரின் எழுதும் உரிமையைப் பறித்தோ, அதன் மின்சாரத்தையே அணைத்தோ ஒதுக்க வேண்டும். யார் தோற்றது என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவது வாக்கு வேண்டும். அது மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு கிளஸ்டரைப் பார்வையிடப் போகிறவர் வேகத்தைக் கேட்பதற்கு முன்பு இதைத்தான் கேட்க வேண்டும்.

இந்த இலக்கணத்துக்குச் சோதனை 2021 பிப்ரவரி 24 அன்று தாராவிக்குப் பக்கத்திலேயே நடந்தது. மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா வளாகத்தில் இருக்கும் தேசியப் பங்குச் சந்தை, காலை 11.40க்கு வர்த்தகத்தை நிறுத்தியது, மாலை 3.45க்குத்தான் மீண்டும் திறந்தது. வர்த்தக இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பொதுச் சேமிப்பகமான சான் கைக்கு எட்டாமல் போனதால், அதை நம்பியிருந்த கிளியரிங் பிரிவின் இடர் மேலாண்மை நின்றுபோனது. அது இல்லாமல் வர்த்தகம் நடத்த முடியாது. முதன்மைத் தளத்தையும் அருகிலிருந்த துணைத் தளத்தையும் இணைக்க இரண்டு டெலிகாம் நிறுவனங்களின் லைன்கள் இருந்தன. சாலையில் நடந்த தோண்டும் வேலையில் இரண்டுமே பழுதாயின என்பது சந்தை பின்னர் தந்த விளக்கம். லைன் போனாலும் முதன்மைச் சேமிப்பகம் தனியே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

துணைத் தளம் ஏன் அருகில் என்று கேட்கலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். தூரத்தில், சென்னையில் வைத்தால், மும்பையிலிருந்து நேர்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வர 10 மில்லி நொடியாவது ஆகும். ஒவ்வொரு பதிவுக்கும் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தால் சந்தை நகராது. அதனால் ஒரு பதிவும் இழக்காத நகல் பக்கத்திலும், சற்றுப் பின்தங்கிய நகல் தூரத்திலும் வைப்பது வழக்கம். பக்கத்தில் மட்டும் வைத்தால் போதாது என்பதை, 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிய மழை நமக்குச் சொல்லிக்கொடுத்தது. அன்று குர்லா முழுகியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2021 பிப்ரவரியில் தேசியப் பங்குச் சந்தை தன் தூரத்துத் தளத்துக்கு ஏன் மாறவில்லை என்று, சந்தைகளைக் கண்காணிக்கும் செபி கேட்டது. அடுத்த மாதமே விதியை இறுக்கியது: முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடத்தில் மீள வேண்டும். 2023இல் சந்தையும் அதன் கிளியரிங் நிறுவனமும் சுமார் 72 கோடி ரூபாய் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டன.

இதை வைத்துப் பொது டிஸ்க் பாணியே தவறு என்று எதிர்ப் பாணிக்காரர்கள் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். அதே லைன் அறுந்திருந்தால் ரெப்ளிகா பாணியும் அதே கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்: மறுமுனை பதில் தராதபோது எழுதுவதா, நிற்பதா?

தாராவியில் தோல் ஏற்றுமதிக்குக் கணக்கு எழுதும் கடையானாலும் சரி, மாட்டுங்காவில் ஆடிட்டர் அலுவலகமானாலும் சரி, பொதுச் சேமிப்பகம் வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கப் எடுத்துக்கொண்டு வயரைப் பிடுங்கிப் பாருங்கள். யார் எழுதுகிறார், யார் ஒதுங்குகிறார் என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இரண்டு கம்பெனி லைன் வாங்கியிருந்தால், இரண்டு பேரிடமும் கேபிள் போகும் பாதையின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே பள்ளத்தில் போனால் ஒன்றை மாற்றச் சொல்லுங்கள்.