விரல் போகும் பனி, கத்தி போகும் பனி

குல்மார்க்கில் விடியற்காலை வாசற்படி இறங்குகிறவர் வெப்பமானியைத் தேட வேண்டியதில்லை. காலடியில் பனி கிறீச்சிட்டால் குளிர் மைனஸ் 10 டிகிரிக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ போய்விட்டது. சத்தமில்லாமல் மெத்தென்று அமுங்கினால் அவ்வளவு குளிர் இல்லை. கடுங்குளிரில் பனித்துகள்கள் காலின் கனத்துக்கு இளகிக் கொடுப்பதில்லை. ஒன்றோடொன்று உரசி நொறுங்குகின்றன. அந்த நொறுங்கல்தான் காதில் விழுகிறது. விடுதி வாசலில் பனி வாரும் ஆள் முதல் அடியிலேயே இதைக் கேட்டுவிடுகிறார். அகலத் தகட்டால் அள்ளித் தள்ளினால் போதுமா, இரும்பு மண்வெட்டியால் கொத்த வேண்டுமா என்பது அந்த ஓர் அடியில் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த ஊரின் குளிர்கால வேலைகளில் பாதி இப்படிப் பனியைத் தரம் பிரிக்கும் வேலைதான். சறுக்கிப் போகிறவர்களின் சாகசத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. என் கண் போவது அவர்களுக்கு முன்னால் எழுந்து, அவர்களுக்குப் பின்னால் படுக்கும் மனிதர்களின் கைகள் மேல்.

குல்மார்க் சின்ன ஊர். காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம் போலக் கிடக்கும் ஒரு புல்வெளி. சுற்றிலும் தேவதாரு, ஃபிர் மரங்கள். கீழே தங்மார்க். அங்கிருந்து 13 கிலோமீட்டர் மலைப்பாதை; கனத்த பனி விழுந்த நாளில் சக்கரத்தில் சங்கிலி கட்டாத வண்டி மேலே ஏறாது. வெள்ளைக்காரர்கள் 1927இல் இங்கே ஸ்கீ கிளப் தொடங்கினார்கள். 1998இல் கோண்டோலா என்ற கேபிள் காரின் முதல் கட்டம் கொங்தூரி வரை ஓடத் தொடங்கியது. 2005இல் இரண்டாம் கட்டம் அபர்வாத் மலையின் தோளுக்கு, ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை, போய்ச் சேர்ந்தது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து நங்க பர்பத் தெரியும். சரித்திரம் இவ்வளவு போதும்.

காலக்கணக்குக்கு இந்த ஊர்க்காரர்களிடம் தனி நாட்காட்டி உண்டு. டிசம்பர் 21இல் தொடங்கி 40 நாள் சில்லை கலான், அடுத்த 20 நாள் சில்லை குர்த், கடைசி 10 நாள் சில்லை பச்சா. கலானில் விழும் பனிக்குத்தான் மதிப்பு. உலர்ந்த, லேசான, உடனே உருகாத பனி அது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று இந்த மலைத்தொடரில் தன் சுமையை இறக்கிவைக்கிறது. முதல் பனி விழுந்ததும் ஒருவருக்கொருவர் 'ஷீன் முபாரக்' என்று வாழ்த்திக்கொள்கிறார்கள். பனியை நம்பிப் பிழைக்கும் ஊரில் அந்த வாழ்த்துக்குக் கனம் அதிகம். 2024 ஜனவரியில் புல்வெளி பழுப்பாகவே கிடந்தது. வழிகாட்டி, ஸ்லெட்ஜ் இழுப்பவர், பூட்ஸ் வாடகைக்குத் தருபவர் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதம் முடியும் தறுவாயில்தான் பனி வந்தது.

கனத்த பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை கோண்டோலா நிலையத்தில் வரிசை நீண்டுவிடும். ஆனால் இரண்டாம் கட்டம் உடனே திறக்காது. மேலே போன பனிச்சறுக்கு ரோந்துக்காரர்கள் சரி என்று சொல்ல வேண்டும். அதுவரை எத்தனை பேர் முணுமுணுத்தாலும் பெட்டிகள் முதல் கட்டத்தோடு நின்றுவிடும். அந்தக் காத்திருப்பின் மறுபக்கத்தில் நடக்கும் வேலைதான் எனக்கு எல்லாவற்றிலும் அழகாகப் படுகிறது.

பனிச்சரிவு ஆபத்தை எடைபோடுகிறவர் முதலில் ஒரு குழி வெட்டுகிறார். குழியின் மேற்பக்கச் சுவரை மண்வெட்டியால் சீவி, கண்ணாடி போல நிமிர்த்துகிறார். இப்போது குளிர்காலம் முழுதும் அடுக்கடுக்காகத் தெரிகிறது: டிசம்பர் பனி அடியில், வெயிலடித்து இறுகிய ஒரு மெல்லிய ஓடு நடுவில், நேற்றைய புதுப்பனி உச்சியில். கையுறைக் கையால் ஒவ்வோர் அடுக்கையும் குத்திப் பார்க்கிறார். முஷ்டி உள்ளே போனால் மிக மென்மை. முஷ்டி போகாமல் நான்கு விரல் போனால் அடுத்த படி. பிறகு ஒரு விரல், பிறகு பென்சில், பிறகு கத்தி. கத்தியும் நுழையாவிட்டால் அது பனிக்கட்டி. உலகமெங்கும் பனி ஆய்வில் இருக்கும் அளவுகோல் இதுதான். கையும் ஒரு பென்சிலும் ஒரு கத்தியும் வைத்துக்கொண்டு ஒரு மலையின் மனதை அறிந்துகொள்ளலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மென்மையைவிட அவர் தேடுவது பொருத்தமின்மையை. கெட்டியான அடுக்கு ஒன்று இளகிய அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? பருவத்தின் தொடக்கத்தில் பனி ஆழமில்லாமல் இருக்கும்போது, தரையை ஒட்டிய இடம் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மேற்பரப்போ கடுங்குளிரில் விறைத்திருக்கும். அந்த வேறுபாட்டால் கீழிருந்து நீராவி மேலே ஏற, அடிப்பனியின் துகள்கள் பட்டை தீட்டியதுபோல முகங்கள் பெற்று, ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாகிவிடுகின்றன. சர்க்கரைப் பனி என்பது தொழிலில் அதற்கு வழங்கும் பெயர். அவர் அதில் கொஞ்சம் எடுத்து, மில்லிமீட்டர் கட்டம் போட்ட தகட்டின் மேல் தூவி, உருப்பெருக்கியால் பார்க்கிறார். மூச்சு பட்டால் உருகிவிடும் என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு விடுகிறார்.

பிறகு தட்டிப் பார்க்கும் சோதனை. 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பனித்தூணைச் சுற்றிலும் அறுத்துத் தனியாக்கி, அதன் தலையில் மண்வெட்டியைக் கவிழ்த்து வைக்கிறார். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. முழங்கையிலிருந்து பத்துத் தட்டு. தோளிலிருந்து பத்துத் தட்டு. எத்தனையாவது தட்டில் தூண் விண்டது, விண்ட முகம் வழவழப்பாகச் சறுக்கியதா, கரடுமுரடாக உடைந்ததா என்று குறித்துக்கொள்கிறார். மணிக்கட்டுத் தட்டிலேயே ஓர் அடுக்கு இழுப்பறைபோல வெளியே நழுவினால், இன்றைக்கு அந்தச் சரிவில் மனிதக்கால் படக்கூடாது. அவசியமானால் வெடி வைத்துச் சரிவை முன்கூட்டியே இறக்கிவிடுகிறார்கள். இந்தப் பாதுகாப்பு கோண்டோலாவைச் சுற்றிய எல்லைக்குள்தான். அதைத் தாண்டினால் மலை தன் இஷ்டத்துக்கு. வரிசையில் நின்று சலித்துக்கொள்கிறவர்கள் அந்தப் பத்து-பத்து-பத்தை ஒருமுறை பார்த்தால் போதும், அவர்கள் பொறுமை தானாக வளரும்.

கீழே வாடகைக் கடையில் நடக்கும் தரம் பிரித்தல் இன்னொரு வகை. முதல்முறை வந்திருப்பவரின் உயரம், எடை, வயது, பூட்ஸ் அடியின் நீளம், எவ்வளவு தைரியமாகச் சறுக்குவார் என்ற கணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து, சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடிக்கும் கவ்வியின் திருகை முடுக்குகிறார் கடைக்காரர். விழும்போது கவ்வி விட வேண்டும், திரும்பும்போது விடக்கூடாது. தளர்ந்தால் பலகை தானாகக் கழன்றுகொள்ளும், இறுகினால் முழங்கால் போய்விடும். திருகின் கால் சுற்றில் ஒருவரின் கால் இருக்கிறது.

அங்கேயே மெழுகு போடுவதையும் பார்க்க வேண்டும். கடுங்குளிரில் பனித்துகள் கூர்மையாக இருக்கும், அதற்குக் கெட்டி மெழுகு. வெதுவெதுப்பான நாளுக்கு இளகிய மெழுகு. இஸ்திரிப்பெட்டியில் மெழுகை உருக்கிப் பலகையின் அடிப்பாகத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஒரே சீராக இழுத்துப் போக வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம். ஆறிய பிறகு பிளாஸ்டிக் தகட்டால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். வேண்டியது மேலே நிற்கும் மெழுகு இல்லை, உள்ளே இறங்கிய மெழுகு. கடைசியில் தூரிகையால் தேய்த்தால் அடிப்பரப்பின் மயிரிழைக் கோடுகள் திறந்துகொள்கின்றன. ஈரப்பனியில் பலகை நீரோடு ஒட்டிக்கொள்ளாமல் காப்பவை அந்தக் கோடுகள். இப்படிப்பட்ட ஒரு குல்மார்க் கடைக்காரரின் மகன்தான் ஆரிஃப் கான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே வீரர். ஜெயண்ட் ஸ்லாலோமில் 45ஆவதாக வந்தார். இரும்புக் கருவிகளும் மெழுகு வாசனையும் சூழ வளர்ந்த கால்கள் அவை.

ஸ்லெட்ஜ் இழுப்பவர்களை ஏளனமாகப் பார்க்கும் பயணிகள் உண்டு. எனக்கு அது பொறுக்கவில்லை. ஏற்றத்தில் கயிற்றைத் தோளில் போட்டு முன்னால் குனிந்து நடக்கும் அதே ஆள், இறக்கத்தில் முன்பக்கம் உட்கார்ந்து, ரப்பர் பூட்ஸின் இரண்டு குதிகாலையும் பனியில் ஊன்றி வேகத்தைக் கட்டுகிறார். வலக்குதிகாலைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் வண்டி வலப்பக்கம் திரும்புகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் அலறிக்கொண்டிருக்கிறார். முன்னால் இருப்பவரின் இரண்டு குதிகால்களும் நிதானமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

மாலையில் எல்லோரும் திரும்பும் அறையில் தகரத்தாலான புகாரி அடுப்பு எரிகிறது. நனைந்த கையுறைகள் அதன் குழாயைச் சுற்றித் தொங்குகின்றன. பின்னல் கூடைக்குள் மண்சட்டி வைத்த காங்கிரி என்ற கணப்பு, ஃபெரன் என்ற நீள அங்கிக்குள் போகிறது. கரியின் மேல் சாம்பல் மூடாக்கு, சூடு குறைந்தால் சின்னத் துடுப்பால் ஒரு கிளறல். உப்புப் போட்ட இளஞ்சிவப்பு நூன் சாய், கூடவே தந்தூரில் சுட்ட கிர்தா ரொட்டி. சமையலில் கோடையில் காயவைத்த கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி, நூல்கோல். நம் வீட்டு வற்றலைக் கண்ட ஒருவருக்கு அந்த மணம் உடனே பழகிவிடும். வெயிலைச் சேமித்துவைத்துப் பனியில் செலவழிக்கும் அந்தச் சமையலுக்கு நான் பெரிய ரசிகன்.

மார்ச்சில் பனியின் குணம் மாறுகிறது. இரவில் இறுகிக் காலையில் கல்லாக இருக்கும். வெயில் ஏற ஏற மேற்பரப்பு மட்டும் அரை அங்குலம் இளகும். இன்னும் ஒரு மணி நேரம் போனால் சேறு. சறுக்க நல்ல பொழுது நடுவில் வரும் அந்தச் சிறு இடைவெளிதான். தேர்ந்த வழிகாட்டி முதலில் கிழக்குச் சரிவுக்கு, பிறகு தெற்குக்கு, கடைசியாக மேற்குக்கு என்று சூரியனுக்குப் பின்னாலேயே ஆட்களை நடத்திப் போகிறார். எங்கே எப்போது பனி பழுக்கும் என்பதைக் குச்சியின் முனையால் குத்திப் பார்த்தே சொல்லிவிடுகிறார்.

ஏப்ரலில் கடைகளை ஒவ்வொன்றாகக் கட்டி வைக்கிறார்கள். பலகைகளின் பள்ளங்களில் பிளாஸ்டிக் குச்சியைக் கொளுத்திச் சொட்டவிட்டு நிரப்புகிறார்கள். உலோக விளிம்புகளின் துருவை அரம் போட்டு எடுக்கிறார்கள். கடைசியாகக் கெட்டியாக ஒரு பூச்சு மெழுகு, விளிம்பும் மூடும்படி. இந்த ஒரு தடவை மட்டும் அதைச் சுரண்டுவதில்லை. அடிப்பாகம் உலராமலும் இரும்பு துருப்பிடிக்காமலும் கோடை முழுதும் அது காக்க வேண்டும். ஸ்லெட்ஜ்காரர்களில் பலர் மட்டக்குதிரைகளுக்குத் தீவனம் விசாரிக்கத் தங்மார்க்குக்கு இறங்குகிறார்கள். மே மாதப் பயணிகளுக்குக் குதிரை வேண்டும்.