கூடவே வரும் கள்ளன்

பெங்களூரு கோரமங்களா, இந்திராநகர் பக்கம் வார இறுதிகளில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடும் மேசைகளைப் பார்க்கலாம். ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அணியாகச் சேர்ந்து ஆடும் இந்த ஆட்டம் அமெரிக்காவில் 1974இல் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது டிராகன் அல்ல. நம் அணியிலேயே இருந்துகொண்டு தனிக் கணக்குப் போடும் கூட்டாளி.

ஆட்டத்தை நடத்துபவர் மடித்த துண்டுச்சீட்டை ஒருவரிடம் மட்டும் நீட்டுவார். படித்தவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அதன்பின் அவர் காயம்பட்டவனுக்கு மருந்து கொடுத்தாலும் நமக்கு உறுத்தும். சந்தேகம் வந்தால் 20 முகப் பகடையை உருட்டலாம்: அவருடைய ஏமாற்றும் திறனுக்கு எதிராக நம்முடைய ஊகிக்கும் திறன். தோற்றால், 'உண்மையைத்தான் சொல்கிறார் போல' என்று பதில் வரும். அந்தப் பதில்தான் வயிற்றைக் கலக்கும்!

இதே ஆட்டத்தை அடிப்படையாகக் கொண்டு 2023இல் வெளியான 'பால்டர்ஸ் கேட் 3' கணினி ஆட்டத்தில் ஆஸ்டேரியன் என்ற கூட்டாளி முதல் சந்திப்பிலேயே நம் கழுத்தில் கத்தி வைக்கிறான். பிறகு தேனொழுகப் பேசுகிறான். ஆள் ரத்தக்காட்டேரி. 200 ஆண்டுகள் அடிமையாகக் கிடந்தவன், எஜமானிடமிருந்து தப்பத்தான் நம்மோடு ஒட்டிக்கொள்கிறான். உள்நோக்கத்தில் இப்படி ஒரு வலி இருக்க வேண்டும். 'பொன்னியின் செல்வ'னில் கல்கி படைத்த நந்தினியும் இந்த வகைதான். வெறும் காசுக்காகக் காட்டிக்கொடுப்பவன் மட்டமான பாத்திரம்.