மரம் ஆடலாம், வேர் ஆடக் கூடாது

சின்னப் பிள்ளைகளின் யோகா வகுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் பிள்ளைகளைத்தான் பார்க்கிறார்கள். யாருக்கு உடம்பு வளைகிறது, யார் விழாமல் நிற்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். நான் டீச்சரைப் பார்ப்பேன். ஐந்து வயது உடம்பு எப்படியும் வளையும். அதில் டீச்சருக்குப் பெருமை கிடையாது. இந்த வெயிலுக்கு எதை எடுப்பது, இந்த மழைக்கு எதை விடுவது என்று அவர் முடிவு செய்கிறாரே, அங்கேதான் கலை இருக்கிறது.

பருவம் பார்த்துப் பழகுவது பழைய சங்கதிதான். யோகத்தைத் தொடங்க வசந்தமும் சரத் காலமும் நல்லவை என்கிறது கேரண்ட சம்ஹிதை. கோடையிலும் மழையிலும் பனியிலும் தொடங்கினால் நோய் வரும் என்று பயமுறுத்தவும் செய்கிறது. பள்ளிக்கூடம் அதையெல்லாம் பார்த்தா திறக்கிறது? ஜூனில், வெயில் தணியும் முன்பே மணி அடித்துவிடும். அதனால் நல்ல டீச்சர் தொடங்குகிற நாளைப் பற்றிக் கவலைப்படாமல், அந்தந்தப் பருவத்துக்குரிய பாடத்தைப் பிடித்துக்கொள்கிறார். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தொல்காப்பியக் காலத்திலிருந்தே நமக்கு ஆறு பொழுதுகள் இருக்கின்றன. ஆனாலும் வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து, பனி கொட்டுவதாக விரலை அசைக்கச் சொல்லும் வகுப்புகள் உண்டு. மதுரைப் பிள்ளை பனிக்கட்டியைப் பார்த்தது ஐஸ் வண்டியில்தான்!

ஆடி மாதப் பாடத்துக்கு வருவோம். விருட்சாசனம். ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மடித்து, கைகளைத் தலைக்கு மேல் கூப்ப வேண்டும். சின்னப் பிள்ளை இரண்டு மூச்சுக்குள் ஆட்டம் காணும், பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பிடிக்கும், வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடும். "அசையாம நில்லு" என்று அதட்டினால் ஆட்டம் இன்னும் கூடும். ஒரு டீச்சர் அப்படி அதட்டவில்லை. "ஆடிக் காத்து அடிக்குது கண்ணுங்களா, மரம் ஆடலாம், வேர் ஆடக் கூடாது" என்றார். அவ்வளவுதான். மேலே கையில் இருந்த பிள்ளைகளின் கவனம் கீழே பாதத்துக்கு இறங்கியது. கால்விரல்கள் விரிந்து தரையைப் பற்றின, குதிகால் அழுந்தியது. இடுப்புக்கு மேலே தாராளமாக ஆடினார்கள், விழுந்தவர்கள் குறைந்துபோனார்கள். ஒற்றைக்கால் ஆசனங்களின் சூட்சுமமே பாதத்தில்தான் இருக்கிறது. அம்மியைப் பறக்கவிடுகிற காற்று அன்றைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது.

ஐப்பசி மழைக்குத் தவளை, அதாவது மண்டூகாசனம். இது ஆபத்தான பாடம். தவளை என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கூடம் சந்தைக்கடை ஆகிவிடும். கைதேர்ந்தவர் தாவலைத் தள்ளிப்போடுவார். "தாவறதுக்கு முன்னாடி தவளை என்ன பண்ணும்?" என்று கேட்பார். முட்டிகளை அகட்டி, பாதங்களின் மேல் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, மூச்சு மட்டும் நடக்க, பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஆசனம் அந்தக் காத்திருப்பில் முடிந்துவிடுகிறது. பிறகு கிடைக்கிற ஒரு தாவல் பரிசுதான். கதை ஆசனத்துக்கு வேலை செய்ய வேண்டும். கதையே ஆசனத்தை விழுங்கிவிட்டால் அது மாறுவேடப் போட்டி.

மார்கழிக் காலையில் உடம்பு விறைத்திருக்கும். அப்போது துள்ளலுக்கு இடம் கொடுக்கலாம். 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களுக்குக் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார், ஆசனங்களைத் தாவலோடும் மூச்சோடும் கோத்துத்தான் கொடுத்தார். வளரும் உடம்புக்கு ஓட்டம் வேண்டும் என்பது அவர் கணக்கு. குளிரில் சூரிய நமஸ்காரத்தைச் சற்று வேகமாக எடுக்கும் டீச்சர் அந்த வழியில் வருகிறவர்.

சித்திரையில் அதே டீச்சர் பாதிப் பாடத்தைக் குறைத்துவிடுவார். நிற்பது குறைந்து படுப்பது கூடும். கூடவே சீதளி: நாக்கைக் குழலாகச் சுருட்டிக் காற்றை உறிஞ்சி, மூக்கு வழியே விடுவது. எல்லா நாக்கும் சுருளாது. சுருளாத பிள்ளை முகம் வாடும் முன்பே, "நீ பல்லைச் சேர்த்து ஸ்ஸ்ஸுன்னு இழு" என்று சீத்காரியைக் கொடுத்துவிடுவார். இரண்டுமே ஹட யோக பிரதீபிகையில் இருப்பவை. நூலில் மூச்சை உள்ளே நிறுத்தச் சொல்லியிருக்கிறது. அதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிடுவார். என்னைக் கேட்டால், அவர் திறமை முழுதும் அந்த விடுதலில் தெரியும்.

2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21, யோகா தினத்தன்று மைதானங்களில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் ஒரே ஆசனத்தில் நிற்கிறார்கள். புகைப்படத்துக்கு நன்றாகவே இருக்கிறது. டீச்சரின் திறமைக்குத்தான் அங்கே வேலை இல்லை. பிள்ளையை வகுப்பில் சேர்க்க நினைப்பவர்கள் அந்தப் படங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். "சித்திரையில என்ன எடுப்பீங்க, ஐப்பசியில என்ன எடுப்பீங்க?" என்று டீச்சரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் வேறு வகுப்பைப் பாருங்கள்.