போட்டிப் படங்களும் ஆக்கக் குறிப்புகளும்: ஒளிப்படச் சங்கங்களின் மதிப்பீட்டு அளவுகோல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒளிப்படச் சங்கங்களின் போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் பாராட்டப்பெற்ற படங்களை ‘புனைந்த படம்’, ‘கண்டெடுத்த படம்’ என இரு வகையாகப் பிரித்து நோக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தொடர்கிறது. ஆஸ்கார் ரெய்லாண்டர், ஹென்றி பீச் ராபின்சன், ஆல்ஃபிரட் ஸ்டீகிளிட்ஸ் ஆகியோர் தம் படங்கள் உருவான முறையைப் பற்றி வெளியிட்ட குறிப்புகளை ஒப்பிட்டு, இப்பிரிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இன்றைய இயற்கை ஒளிப்படப் போட்டி விதிகள் அப்பிரிவின் தொடர்ச்சியே என்பதும், படத்தை மட்டும் சோதிக்கும் விதி போதாது என்பதும் இதன் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: ஒளிப்படச் சங்கம், போட்டி, நடுவர், கூட்டு அச்சு, கைக்கேமரா, ஓரம் வெட்டுதல், ஆக்கக் குறிப்பு.

முன்னுரை

ஒளிப்படச் சங்கம் என்பது படம் எடுப்போர் கூடும் இடம் மட்டுமன்று. படத்தை மதிப்பிடும் அவையும் ஆகும். இலண்டன் ஒளிப்படச் சங்கம் 1853இல் தோன்றியது. பம்பாயில் 1854இலும், வங்காளத்தில் 1856இலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. படத்தைக் காட்டுவதோடு அமையாமல், அது எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதை உறுப்பினர் முன் விளக்குவதும் இச்சங்கங்களின் பணியாயிற்று. இலக்கிய ஆய்வில் பாயிரத்திற்கும் உரைக்கும் உள்ள இடத்தை ஒளிப்பட வரலாற்றில் இவ்வாக்கக் குறிப்புகளுக்கு அளிக்கலாம். எனினும் இவை தொழில்நுட்பச் செய்தியாகக் கொள்ளப்பட்ட அளவிற்குத் திறனாய்வுக்குரிய பனுவல்களாகக் கொள்ளப்படவில்லை. படைப்பாளி எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாது விடுகிறார் என்ற நோக்கில் அவற்றை வாசிக்கும்போது, நடுவர்கள் எதற்குப் பரிசளித்தனர் என்ற வினாவுக்கும் விடை தெளிகிறது.

கூட்டு அச்சும் அதன் வெளிப்படுத்தலும்

1857இல் மான்செஸ்டரில் நடைபெற்ற கலைச் செல்வக் கண்காட்சியில் ரெய்லாண்டரின் ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் படம் வைக்கப்பட்டது. நல்வழியும் தீவழியும் இரு பக்கங்களில் விரிய, நடுவில் இளைஞர் இருவர் நிற்கும் இப்படம் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களிலிருந்து உருவானது. ஒவ்வொரு எதிர்ப்படத்தையும் தாளின் உரிய பகுதியில் மட்டும் பதித்து, எஞ்சிய பகுதியை ஒளி படாமல் மூடி, அடுத்தடுத்து அச்சிடுவதே முறை. இதனைக் கூட்டு அச்சு எனலாம்.

1858இல் ரெய்லாண்டர் இம்முறையை இலண்டன் சங்கத்தின் முன் கட்டுரையாகவே படித்தார். எந்த உருவம் எப்போது அச்சேறியது என்பதை அவர் மறைக்கவில்லை. படத்திலுள்ள ஆடையற்ற உருவங்கள் ஒருபுறம் கண்டனத்திற்கு உள்ளாயின; ஒட்டிச் சேர்த்த படம் ஒளிப்படமாகுமா என்ற வினா மறுபுறம் எழுந்தது. முதலாவது ஒழுக்கம் பற்றிய எதிர்ப்பு. இரண்டாவது ஊடகம் பற்றிய எதிர்ப்பு. ஆக்கக் குறிப்பு வெளிவந்ததால்தான் இரண்டாவது எதிர்ப்பு வலுப்பெற்றது என்பது கருதத்தக்கது.

ராபின்சனின் ‘மறைந்து தேய்தல்’ (1858) ஐந்து எதிர்ப்படங்களின் சேர்க்கை. இறக்கும் தறுவாயிலுள்ள இளம்பெண்ணையும் அவளைச் சூழ்ந்த உறவினரையும் அது காட்டுகிறது. துயரக் காட்சியை இவ்வாறு படமாக்கலாமா என்று பார்வையாளர் பலர் மனம் வருந்தினர். நோயாளியாகத் தோன்றிய பெண் உடல்நலம் உடையவரே. ஓவியத்தில் இறப்பைக் கண்டு வருந்தாதவர் ஒளிப்படத்தில் கண்டு வருந்தியதற்குக் காரணம், ஒளிப்படம் நிகழ்ந்ததையே காட்டும் என்ற நம்பிக்கை. ராபின்சன் முதலில் கோட்டோவியம் வரைந்து, அதற்கேற்ப உருவங்களைத் தனித்தனியே எடுத்துச் சேர்ப்பவர். 1869இல் வெளிவந்த அவருடைய ‘ஒளிப்படத்தில் ஓவிய விளைவு’ என்னும் நூல் சங்க உறுப்பினர் பலருக்குப் பாடநூலாக விளங்கியது.

இம்முறையைப் பொய்யென ஒதுக்குவது எளிது. ஆனால் அக்காலக் கொலோடியன் தகடு நீல ஒளியை மிகுதியாக ஏற்கும். நிலத்திற்குப் போதிய ஒளி பதியும்போது வானம் மிகைப் பதிவாகி, அச்சில் வெறும் வெண்மையாகிவிடும். கண்ணுக்குத் தெரிந்த முகிலை அச்சில் காட்டுவதற்கே இரண்டாவது எதிர்ப்படம் தேவைப்பட்டது. கண்டதைக் காட்டவே புனைய வேண்டிய நிலை அது.

இதற்குச் சான்று சென்னை மாகாணத்தோடு தொடர்புடைய பணியிலும் உண்டு. படை அலுவலரான லின்னேயஸ் டிரைப், இலண்டன் சங்கத்தில் 1853இலேயே உறுப்பினரானவர். ஹளேபீடு, பேலூர் முதலிய இடங்களில் எடுத்த கோயிற் படங்களை 1855ஆம் ஆண்டுச் சென்னைக் கண்காட்சியில் வைத்து நடுவர் பாராட்டைப் பெற்றார். பின்னர்ச் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராகி, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கட்டடங்களைப் பதிவு செய்தார். ஆவணப் பதிவாளராக அறியப்படும் அவரே, தம் தாள் எதிர்ப்படங்கள் பலவற்றில் வண்ணம் தீட்டி முகில்களை உருவாக்கினார். கட்டடம் கண்டது; வானம் வரைந்தது. ஆவணம், புனைவு என்னும் இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருந்தன.

கைக்கேமராவும் காத்திருத்தலும்

ஈரக் கொலோடியன் முறையில் தகட்டைப் பூசிய சில நிமிடங்களுக்குள் படமெடுத்து உருத்துலக்க வேண்டும். 1870களின் இறுதியில் பரவிய ஜெலட்டின் உலர்தகடு இக்கட்டுப்பாட்டை நீக்கியது. 1888இல் கோடாக் கேமரா வந்தது. ஓய்வு நேரத்தில் படமெடுப்போர் பெருகினர். அவர்களுக்கான சங்கங்களும் இதழ்களும் போட்டிகளும் பெருகின.

இலண்டனின் ‘அமெச்சூர் ஃபோட்டோகிராஃபர்’ இதழ் 1887இல் நடத்திய விடுமுறைப் படப் போட்டியில் ஸ்டீகிளிட்ஸ் முதற்பரிசு பெற்றார். இத்தாலியின் பெல்லாஜியோவில் சிரித்து நிற்கும் சிறுவரைக் காட்டும் ‘நல்ல நகைச்சுவை’ என்னும் படம் அது. நடுவர் பீட்டர் ஹென்றி எமர்சன். ராபின்சனின் ஒட்டுமுறையைக் கடுமையாக எதிர்த்து, இரண்டாண்டுகளுக்குப் பின் ‘இயற்கைநிலை ஒளிப்படம்’ என்னும் நூலை வெளியிட்டவர் அவர். இப்படத்தின் இயல்புத்தன்மையே அவரைக் கவர்ந்தது. எனவே இத்தீர்ப்பு ஒரு படத்துக்கான பரிசு என்பதோடு, ஒரு கொள்கையின் அறிவிப்பாகவும் அமைந்தது. இதன்பின் ‘கண்டெடுத்த’ படம் போட்டிகளில் தனி மதிப்புப் பெற்றது.

அம்மதிப்பின் உச்சமாகக் கருதப்படுவது ஸ்டீகிளிட்ஸின் ‘குளிர்காலம், ஐந்தாம் அவென்யூ’. பனிப்புயலின் ஊடே குதிரைவண்டி ஒன்று பார்வையாளரை நோக்கி வருகிறது. 1893 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கில் கைக்கேமராவால் எடுத்தது. எதிர்ப்படத்தைக் கண்ட சங்கத் தோழர் ஒருவர், கூர்மையற்ற அதனை எறிந்துவிடுமாறு சொன்னதாக ஸ்டீகிளிட்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

கைக்கேமரா குறித்து 1897இல் வெளியான கட்டுரையில் இப்படத்தின் ஆக்கக் குறிப்பை அவரே தருகிறார். கடும்புயலில் மூன்று மணி நேரம் நின்று உரிய கணத்திற்காகக் காத்திருந்ததன் பயன் அது என்கிறார். மேலும், மனித உருவங்களைக் கருதாமல் முதலில் இடத்தைத் தெரிந்துகொண்டு, கோடுகளையும் ஒளியையும் ஆராய்ந்து, பின்னர்க் கடந்து செல்லும் உருவங்கள் சமநிலையில் அமையும் கணம்வரை காத்திருக்க வேண்டும் என அறிவுறுத்துகிறார். எதிர்ப்படம் முழுவதையும் தாம் பயன்படுத்துவது அரிது என்றும், ஒரு பகுதியைப் பெரிதாக்குவதே தம் நோக்கம் என்றும் ஒப்புக்கொள்கிறார். ‘குளிர்கால’ப் படமும் பெருமளவு ஓரம் வெட்டப்பட்டதே.

இக்குறிப்பை ராபின்சனின் முறையோடு ஒப்பிடுவது பயன்தரும். ராபின்சன் தாளில் கோட்டோவியம் வரைந்தார்; ஸ்டீகிளிட்ஸ் அதனை மனத்தில் வரைந்து தெருவில் நின்றார். ராபின்சன் உருவத்தை அழைத்து வந்து உரிய இடத்தில் வைத்தார். ஸ்டீகிளிட்ஸ் உருவம் தானே வந்து அவ்விடத்தில் நிற்கும்வரை பொறுத்தார். வேண்டாததை முன்னவர் அச்சிடாது விட்டார். பின்னவர் வெட்டி நீக்கினார். களம் முதலில், உருவம் பின்னர் என்னும் வரிசை இருவருக்கும் பொது. வேறுபாடு புனைவு இருப்பதிலும் இல்லாமையிலும் இல்லை. அப்புனைவு எக்கட்டத்தில் நிகழ்கிறது என்பதிலேயே உள்ளது.

இவ்விடத்தில் தமிழ்ச் செய்யுளியல் துணைசெய்கிறது. தொல்காப்பியம் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் பகைநிலையில் வைக்காமல், இரண்டும் இணைந்ததையே புலனெறி வழக்கமாகக் கொள்கிறது. எட்வர்ட் ஸ்டைகன் 1903இல் ‘கேமரா ஒர்க்’ முதல் இதழில் ஒளிப்படம் எதுவும் தொடக்கம் முதலே புனைவுதான் என வாதிட்டபோது உலகியல் கூற்றை முற்றும் மறுத்தார். மறுஆண்டு சடாகிச்சி ஹார்ட்மன் கைத்திருத்தம் நீங்கிய நேர்ஒளிப்படத்திற்காக வாதிட்டபோது நாடகக் கூற்றைச் சுருக்கினார். இரு வாதங்களும் ஆக்கக் குறிப்புகளில் தெரியும் கலப்பைக் கணக்கில் கொள்ளவில்லை.

இன்றைய விதிகளும் அவற்றின் எல்லையும்

இப்பிரிவு இன்றும் விதியாக வாழ்கிறது. அமெரிக்க ஒளிப்படச் சங்கம், பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பு, பிரித்தானிய அரச ஒளிப்படச் சங்கம் ஆகிய மூன்றும் 2014இல் இயற்கை ஒளிப்படத்துக்கு ஒரு பொது வரையறையை ஏற்றன. படக் கூறுகளைச் சேர்த்தல், இடம் மாற்றுதல், பதிலீடு செய்தல், நீக்குதல் ஆகியவற்றை அது தடுக்கிறது. ஓரம் வெட்டுதல் மட்டும் விலக்கு.

ஓரம் வெட்டுதலும் நீக்குதலே. வேலிக்கம்பியைத் துடைத்து நீக்கினால் தகுதியிழப்பு. அது படத்தின் விளிம்பில் இருந்து வெட்டி நீக்கினால் தகுதி. இதனை முரண்பாடு எனக் கூறுவோர் உண்டு. ஆயினும் விதிக்கு அடிப்படை உண்டு: ஓரம் வெட்டும்போது, எஞ்சிய பொருள்களுக்கிடையிலான இடத்தொடர்பு மாறுவதில்லை. ஒளிப்படக் கலைஞர் மேலும் நெருங்கி நின்றோ, குறுகிய கோணமுள்ள வில்லையைப் பயன்படுத்தியோ விலக்கியிருக்கக் கூடியதையே அது விலக்குகிறது. ரெய்லாண்டருக்கும் ஸ்டீகிளிட்ஸுக்கும் இடையில் கோடு கிழிக்க முடியுமானால், அது இங்கேதான் இயலும்.

ஆனால் அக்கோடு படத்திற்குள் நிகழ்வதை மட்டுமே காக்கும். படம் எடுப்பதற்கு முன் நிகழ்ந்தது அதற்குப் புறம்பானது. அதே வரையறை, விலங்குக் காட்சிசாலை போன்ற கட்டுப்பாட்டுச் சூழலில் எடுத்த படங்களை இயற்கைப் பிரிவில் ஏற்று, காட்டுயிர்ப் பிரிவில் விலக்குகிறது. ஒரே படம் ஒரு பிரிவில் மெய், மற்றொன்றில் பொய். இதனைப் படத்தைப் பார்த்து நடுவர் அறிய இயலாது. மூலக் கோப்பைக் கேட்டுச் சோதித்தாலும், விலங்கு கூண்டிலிருந்ததா, இரை வைத்து அழைக்கப்பட்டதா என்பதை அக்கோப்பு உரைக்காது.

சங்கப் போட்டிகளுக்கு வெளியே நிகழ்ந்த ஒன்று இதனைத் தெளிவாக்குகிறது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2017இல் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படம் ஒன்று 2018இல் தகுதி இழந்தது. அதிலிருந்தது பதப்படுத்திய உடல் என வல்லுநர்கள் கருதினர். எடுத்தவர் அதனை மறுத்தார். எழுந்த குற்றச்சாட்டு படத்தைத் திருத்தியது பற்றியதன்று. படத்தின் முன் எது நின்றது என்பது பற்றியது. எனவே ஒரு கூறும் மாறாத ஒற்றைப் பதிவும் ஐயத்திற்கு உள்ளாகலாம். முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களை ஒட்டிய ரெய்லாண்டரோ தம் செயல் முழுவதையும் சங்கத்தின் முன் உரைத்தவர். நேர்மையின் அளவில் எது முந்தும் என்பதைத் தொழில்நுட்ப விதியால் முடிவு செய்ய இயலாது.

முடிவுரை

19ஆம் நூற்றாண்டுச் சங்கங்கள் ‘எவ்வாறு எடுத்தீர்’ என்று கேட்டது பிற உறுப்பினர் கற்பதற்காக. இன்றைய போட்டிகளில் அதே வினா மெய்ம்மைக்கான சான்றாகவும் அமைகிறது. ராபின்சன், ஸ்டீகிளிட்ஸ் ஆகிய இருவரின் முறைகளும் முன்கூட்டியே வகுத்த அமைப்பில் உருவங்களைப் பொருத்துவனவே. ஆகவே ‘புனைந்தது’, ‘கண்டெடுத்தது’ என்னும் பிரிவு தரத்தை அளக்கும் கோலாகாது. படம் பார்வையாளருக்கு அளிக்கும் வாக்குறுதி யாது, ஆக்கம் அதனைக் காத்ததா என்பதே நடுவர் கேட்கத்தக்க வினா.

அதற்கு ஆக்கக் குறிப்பு போட்டிக்குப் பிந்தைய சுவைச் செய்தியாக நின்றுவிடாமல், படத்தோடு சேர்த்து மதிப்பிடப்பட வேண்டும். குறிப்பும் பொய்யுரைக்கலாம் என்பது உண்மையே. ஆனால் எழுதிக் கையொப்பமிட்ட கூற்றை மறுக்கவும் சோதிக்கவும் இயலும். படத்தின் மௌனத்தை அவ்வாறு மறுக்க இயலாது.