செல்லாத நோட்டின் வேலை

சங்கரன்கோவில் ஆடித்தபசு அன்று கோமதி அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுக்கும் நேரத்தில், சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சூறை விடுவார்கள். ஆண்டு முழுக்க விலை கேட்டு அலைந்த பொருள் அந்த ஒரு பொழுதில் விலையே இல்லாமல் தலைக்கு மேல் பறக்கும். இது வேண்டுதல், குறும்பு என்று சொல்லக்கூடாது. ஆனால் 1967 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க்கில் நடந்ததை இந்த ஊர்க்காரர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அமெரிக்கப் போராட்டக்காரர் அப்பி ஹாஃப்மனும் அவருடைய கூட்டாளிகளும் பங்குச்சந்தையின் பார்வையாளர் மாடத்தில் ஏறி, ஒரு டாலர் நோட்டுகளைக் கீழே வீசினார்கள். தரகர்களில் சிலர் கத்தினார்கள், சிலர் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். பிறகு நிர்வாகம் மாடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டது. கோடிகள் கைமாறும் இடத்தில் ஒற்றை டாலருக்குக் குனிந்தவர்களை உலகம் பார்த்துவிட்டதே, அதுதான் ஹாஃப்மன் கூட்டத்தின் வெற்றி.

பணத்தைக் கேலி செய்வது நமக்கும் பழக்கமானதுதான். சாப்பாட்டு வாசனையை முகர்ந்ததற்குக் காசு கேட்ட கடைக்காரனுக்கு, நாணயங்களைக் குலுக்கி அந்தச் சத்தத்தையே கூலியாகக் கொடுத்த தீர்ப்பு நம் வாய்மொழிக் கதைகளில் ஆள்பெயர் மாறி மாறி வருகிறது. 1952இல் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ வரதட்சணைப் பேராசையைச் சிரிப்பால் அடித்த படம். இந்த வரிசையில் அடுத்ததாக நான் வைப்பது சென்னையில் அச்சான ஒரு நோட்டை.

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் சதீந்தர் மோகன் பகத்துக்குத் தோன்றிய யோசனை அது. அதை 2007இல் மக்கள் கைக்குக் கொண்டுவந்தது விஜய் ஆனந்த் நிறுவிய ‘ஐந்தாவது தூண்’ அமைப்பு. பார்வைக்கு ஐம்பது ரூபாய் நோட்டு போலவே இருக்கும். காந்தி இருப்பார், மதிப்பு பூஜ்யம். ரிசர்வ் வங்கி ஆளுநர் உறுதிமொழி தரும் இடத்தில், லஞ்சம் வாங்கவும் மாட்டேன் கொடுக்கவும் மாட்டேன் என்ற பொருளில் ஓர் உறுதிமொழி. முதலில் 25,000 நோட்டுகள் அச்சானதாகச் சொல்வார்கள். 2014க்குள் விநியோகம் 25 லட்சத்தைத் தாண்டியது. தமிழ், இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று பல மொழிகளில் போனது.

இதை வெறும் விளம்பரத் துண்டு என்று ஒதுக்கியவர்கள் தாலுகா ஆபீஸில் பட்டாவுக்காகக் காத்துக்கிடந்ததில்லை என்று நினைக்கிறேன். அங்கே லஞ்சத்தை யாரும் அந்தப் பெயரால் கேட்பதில்லை. ‘பார்த்துச் செய்யுங்க’ என்பார்கள். கேட்டதே தெரியாதபடி கேட்கும் ஒருவரிடம் மறுப்பை எப்படிச் சொல்வது? வாய்விட்டு மறுத்தால் நாம் சண்டைக்காரர் ஆகிவிடுவோம். அந்த நோட்டோ மேசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, கேட்காததுபோல் கேட்டதைக் கேட்டதாகவே ஆக்கிவிடுகிறது. நீட்டியவருக்குப் பின்னால் ஓர் அமைப்பு நிற்கிறது என்பதும் எதிரே இருப்பவருக்குப் புரியும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டுமே விலக்கு. ஆகவே கொடுக்காமல் தப்பிக்க ஒரு வழி ஏழைக்கு முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது. லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுப்பதற்கு இந்த நோட்டு மாற்று ஆகாது. பூஜ்ய நோட்டு நீட்டியதால் யார்மீதும் வழக்கு வராது. அந்த எல்லை தெரிந்தும் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கலையுலகில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. பிரேசில் கலைஞர் சில்டோ மெய்ரெலெஸ் 1970களில் ‘பூஜ்ய குருசேரோ’ அச்சிட்டார். நாட்டுத் தலைவர்களின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பழங்குடி மனிதரையும் மனநல மருத்துவமனையில் இருந்த ஒருவரையும் வைத்தார். அரசு யாரைக் கணக்கில் வைக்கவில்லையோ அவர்கள் முகம் பணத்தின் மேல்! அமெரிக்கரான ஜே.எஸ்.ஜி. பாக்ஸ் கையால் நோட்டு வரைந்து, அதைக் கடையில் கொடுத்துப் பொருள் வாங்கி, மீதிச் சில்லறையும் கேட்டு வாங்குவார். பிரிட்டனில் அவர்மீது வழக்குப் போட்டார்கள், 1987இல் விடுதலையானார். அவருடைய நோட்டுகளைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி நல்ல விலைக்கு வாங்கினார்கள். தெரு ஓவியர் பாங்க்ஸியின் கதை இன்னும் வருத்தமானது. 2018இல் லண்டன் ஏலத்தில் சுமார் பத்து லட்சம் பவுண்டுக்கு விற்ற நொடியில் அவருடைய ஓவியம் சட்டத்துக்குள்ளிருந்த கருவியால் பாதி கிழிந்து தொங்கியது. அதே கிழிசல் 2021இல் ஒரு கோடியே எண்பத்தைந்து லட்சம் பவுண்டுக்குப் போனது. சந்தையைக் கேலி செய்ததற்குச் சந்தை கொடுத்த விலை அது. பூஜ்ய ரூபாயை அப்படி யாராலும் விழுங்க முடியவில்லை. விற்க முடியாத பொருளாகவே அது பிறந்தது.

தேர்தல் களத்துக்கு வந்தால் நிலைமை சிக்கலாகிறது. திருமங்கலத்தில் 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு, கவரில் பணம் வைத்து வாக்கு வாங்குவதைக் குறிக்கும் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொல் நம் அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது. 2012 மார்ச்சில் சங்கரன்கோவிலுக்கு இடைத்தேர்தல் வந்தபோது அமைச்சர்கள் இந்தத் தறிக்கார ஊரில் முகாமிட்டார்கள். பணத்தாலும் இலவச வாக்குறுதிகளாலும் வாக்குக் கேட்கும் போக்கைக் கேலி செய்தவர்களில் 2021இல் மதுரை தெற்கில் சுயேச்சையாக நின்ற துலாம் சரவணன் முக்கியமானவர். சின்னம் குப்பைத்தொட்டி. வீட்டுக்கு ஒரு குட்டி ஹெலிகாப்டர், ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய், இல்லத்தரசிக்கு உதவ ரோபோ, நிலவுக்குச் சுற்றுலா, தொகுதி குளிர 300 அடியில் செயற்கைப் பனிமலை என்று வாக்குறுதி கொடுத்தார். இலவசங்களில் மக்கள் மயங்கக்கூடாது என்பதே தன் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அவருடைய துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு சரியான ஆள்மேல் விழுந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 2011 தேர்தலுக்குப் பிறகு வந்த மிக்ஸியும் கிரைண்டரும் அம்மியிலும் ஆட்டுரலிலும் போன பெண்களின் நேரத்தை மீட்டுத் தந்தவை. அவற்றை வாங்கிய கையைச் சிரிப்பது எளிது. கவரை நீட்டும் கையை நோக்கி இங்கே இன்னும் ஒரு நல்ல குறும்பு வரவில்லை. பூத் சிலிப் வடிவில் ஒரு பூஜ்ய சிலிப் அச்சடித்து, பணத்தோடு வருபவர் கையில் கொடுத்தனுப்பினால் என்ன? தாலுகா ஆபீஸைவிட இது கடினம். கவரோடு வருபவர் வெளியாள் அல்லர். அதே தெருவில் இருப்பவர், பல நேரம் மாமன் மச்சான். ஒரு வீடு மட்டும் நீட்டினால் அது குடும்பப் பகையாகிவிடும், தெருவே நீட்டவேண்டும்.