கமான் பட்டைக்கு ஒரு தோல் சட்டை

ஐதராபாத் ஃபலக்னுமா அரண்மனையில் 2017 பிப்ரவரியில் கார்த்தியே நிறுவனத்தின் பழங்கார் அழகுப் போட்டி நடந்தது. இத்தகைய விழாக்களில் கூட்டம் எங்கே மொய்க்கும் என்று சொல்லவே வேண்டாம்: பித்தளை விளக்குகள், வளைந்த ஹாரன், ரேடியேட்டர் உச்சியில் காற்றை எதிர்த்து நிற்கும் பெண்ணுருவம். என் கண் தேடுவது வேறு. சக்கரத்தை ஒட்டி, சேஸிஸுக்கு அடியில் நீளவாக்கில் வளைந்து கிடக்கும் கமான் பட்டைதான் அது; எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில். நல்ல வண்டியில் அதற்கு ஒரு தோல் சட்டை போட்டிருப்பார்கள். அதன் தையலைப் பார்த்தாலே வண்டியைப் புதுப்பித்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று பாதி தெரிந்துவிடும்.

இந்த ஆசையோடு ஐதராபாத்துக்குப் போகிறவர் சௌமஹல்லா அரண்மனையைத் தவறவிடக் கூடாது. ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் இங்கிலாந்தில் ஆர்டர் கொடுத்த 1912ஆம் வருட ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் அங்கே இருக்கிறது. பார்க்கர் நிறுவனம் உடல் கட்டிய மஞ்சள் வண்டி; பின்னால் அரியணை மாதிரி உயர்ந்த இருக்கை. 1911இல் அவர் காலமாகிவிட, வண்டி வந்து சேர்ந்தது மகன் உஸ்மான் அலி கானிடம். அது ஓடிய தூரம் 356 மைல்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். கமான் பட்டையை அறிந்தவருக்கோ இப்படி ஓடாமல் நின்ற வண்டி என்றாலே கவலைதான். ஓடும் வண்டியில் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவிக்கொண்டே இருக்கும். துரு உட்கார இடம் கிடைக்காது. நிற்கும் வண்டியில் பாரம் ஒரே நிலையில் வருடக்கணக்காக அழுத்தும். மழைக்கால ஈரம் இடுக்குகளில் ஊறும். துரு பருத்துப் பட்டைகளைப் பிணைத்துவிட்டால் அது வில் இல்லை, வெறும் இரும்புக் கட்டை.

நம் பண்ணை வீட்டு வில்வண்டிக்கும் இதே தத்துவம்தான். 1804இல் லண்டனில் ஒபதையா எலியட் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டி கட்டியவர்களின் அந்தக் கைத்திறனை மோட்டார் கார் அப்படியே வாங்கிக்கொண்டது. சில்வர் கோஸ்ட் தயாரான காலத்துக்குள்ளேயே பின்பக்க வில் அரை நீள்வட்டம், முக்கால் நீள்வட்டம், கான்டிலீவர் என்று உரு மாறியது. பயணம் மென்மையாக இருப்பதும் முரடாக இருப்பதும் இங்கேதான் முடிவாகிறது என்பது அதை வடிவமைத்த ராய்ஸுக்குத் தெரிந்திருந்தது.

அடுக்கைப் பிணைக்கும் நடு போல்ட்டைக் கழற்றிப் பட்டைகளைத் தளர்வாக அடுக்கிப் பார்த்தால்தான் வில்லின் சூட்சுமம் புரியும். அவை ஒன்றோடொன்று பொருந்தாது. குட்டைப் பட்டை ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ளதைவிடச் சற்று அதிகம் வளைந்திருக்கும்; நடுவில் வெளிச்சம் தெரியும் இடைவெளி. தெரியாதவர் அதைக் குறை என்று நினைத்துத் தட்டிச் சமன் செய்துவிடுவார், வேலை கெட்டுவிடும். போல்ட்டை முறுக்கும்போது அந்த இடைவெளி மூடிக்கொள்ள, குட்டைப் பட்டையின் நுனிகள் மேலுள்ளதை நெருக்கிப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கிடந்து அதிகம் உழைக்கும் மெயின் பட்டைக்குப் பாரம் ஏறுமுன்பே எதிர்த்திசையில் ஓர் இறுக்கம் கிடைக்கிறது. மேட்டில் சக்கரம் ஏறும்போது அதன் மேல்முகம் தாங்க வேண்டிய இழுவிசை அந்த அளவுக்குக் குறைகிறது. விரிசல் பிறப்பது அந்த மேல்முகத்தில்தான், அதிலும் போல்ட் துளையை ஒட்டி.

பட்டையின் நுனியையும் பாருங்கள். பழைய வேலையில் அதைச் சூட்டில் அடித்து மெலிதாக்கி, வட்டமாகவோ வேல்முனை போலவோ முடித்திருப்பார்கள். இன்றைய லாரிப் பட்டையைப் பெரும்பாலும் சதுரமாக வெட்டி விட்டுவிடுகிறார்கள். அந்த விளிம்பு மேல்பட்டையின் வயிற்றைக் கொத்தும். பழங்காருக்கு லாரிப் பட்டையை வெட்டிப் போட்டிருந்தால் எனக்கு மனம் வலிக்கும்.

புதுப்பிக்கும் வேலையில் முதல் சோதனை காதுக்கு. பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பது போல ஒவ்வொரு பட்டையையும் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டுவார் பட்டறை உஸ்தாத். விரிசல் இருந்தால் ஓசை செத்துக் கேட்கும். தேறியவற்றில் வளைவு தளர்ந்தவை உலைக்குப் போகும். சிலிக்கான்-மாங்கனீஸ் எஃகு என்றால் 850 முதல் 900 டிகிரி வரை காய்ச்சி, அச்சுப்பலகையின் மேல் வளைத்து, எண்ணெயில் அமிழ்த்துவார்கள். அப்போது அது கண்ணாடி போல உடையக்கூடிய நிலையில் இருக்கும். 450 டிகிரி வாக்கில் மறுபடி காய்ச்சித் தோய்ச்சலைத் தணித்தால்தான் வில்லாகும். பைரோமீட்டர் இல்லாத பட்டறைகளில் பட்டையில் எண்ணெய் தடவி அது தானே எரிந்து தீரும் வரை காய்ச்சிப் பதம் பார்த்தார்கள். கண்ணளவில் வந்த அந்தத் துல்லியம் என்னைத் திரும்பத் திரும்ப வியக்க வைக்கிறது.

இந்த மண்ணுக்கு எஃகுப் பதம் புதிதும் அல்ல. நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த கோனசமுத்திரத்தில் மூசையில் உருக்கிய எஃகை வாங்கப் பாரசீக வணிகர்கள் வந்து தங்கியிருந்தார்கள். ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் மூசை எஃகு செய்ய முனைந்ததும் கடிகார வில்லுக்கு நல்ல எஃகு வேண்டித்தான்.

இனி சட்டை. இது அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டைகளுக்கு நடுவே உள்ள உராய்வுதான் அந்தக் காலத்து வண்டியின் ஆட்டத்தை அடக்கியது. உராய்வு மிகுந்தால் வண்டி முரண்டு பிடிக்கும். அடியோடு போனால் ஒவ்வொரு மேட்டுக்கும் படகாக ஆடும். தக்காணத்தின் புழுதியும் சேறும் உள்ளே புகாமல், எண்ணெய் வெளியே வழியாமல், அந்த உராய்வை ஓர் அளவில் காப்பது உறையின் வேலை. இங்கிலாந்தில் வெஃப்கோ, ஜீவன்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே உறைகள் செய்தன. எந்த இரண்டு வண்டிக்கும் அளவு ஒன்றாக இராது. நடுவில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலியும் உருவத்துக்கு, படிப்படியாக அளவெடுத்து வெட்ட வேண்டும். கிளிப் வரும் இடத்தில் தோல் புடைக்க வேண்டும், வில்லை அச்சோடு கட்டும் யூ போல்ட் அருகே நெருங்கி நிற்க வேண்டும், வில் விரியும்போது இழுபடக் கூடாது.

தோலிலும் விஷயம் இருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தமிழகத்தில் பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் கப்பலேறி இங்கிலாந்து போனது. உருவத்தைப் பிடித்து நிற்பதில் அதற்கு இணை இல்லை. ஆனால் அந்தத் துவர்ப்பு இரும்பைத் தொட்டால் கறுக்கும், ஈரம் சேர்ந்தால் அரிக்கும். அதனால் நடுவே எண்ணெய் ஊறிய ஃபெல்ட் துணி வைத்தே தைக்க வேண்டும். குரோம் தோல் தண்ணீரைத் தாங்கும், ஆனால் தொளதொளக்கும். நான் ஆவாரந்தோலின் கட்சி.

துருவைச் சுரண்டாமல், கிடந்த பட்டைக்கு மேல் புத்தம்புதிய தோலை மாட்டி விழாவுக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. பட்டைகளின் நடுவே தடித்த பெயின்ட் அடிப்பதும் அப்படியே. அது கொஞ்ச தூரத்தில் உரிந்து பொடியாகி உள்ளேயே அரைபடும். கிராஃபைட் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும்.

வில்லை மாட்டியதும் உறையைக் கட்டிவிடக் கூடாது. வண்டியை இறக்கி, ஆட்களை உட்காரவைத்து, இருபுறமும் உயரம் அளக்க வேண்டும். வில்லின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் சாய்வு சரியா என்று பார்க்க வேண்டும். புஷ்களை அந்தப் பாரத்தோடு அசைத்துப் பார்த்து, கொஞ்ச தூரம் ஓட்டி வந்து யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கிய பிறகே உறையின் நாடாவைக் கோக்கலாம். முடிச்சு உட்பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அவிழ்த்து ஃபெல்ட்டுக்கு எண்ணெய் காட்ட வேண்டும்.