துள்ளாத கம்பி

பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக உருட்டும் ஆலைகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நிறைய. அங்கே மோட்டார் ஒன்று கரிந்தால் வேலை நின்றுபோகும். அப்போது எல்லோரும் தேடுவது மோட்டாருக்குக் கம்பி சுற்றும் நல்ல வைண்டரைத்தான். அந்தக் கைவேலையை ரசிக்கப் பள்ளிக்கூட இயற்பியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

காந்தப் புலத்தில் இருக்கும் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அதன்மீது விசை பிறக்கும். திசையை ஃபிளெமிங்கின் இடக்கை விதி சொல்லிவிடும். லாட காந்தத்துக்கு நடுவே தொங்கவிட்ட கம்பி, பேட்டரியைத் தொட்டதும் துள்ளும். வகுப்பறையில் அந்தத் துள்ளல்தான் அழகு. பட்டறையில் அதுவே எமன். மோட்டாரின் சுழலும் பாகமான ரோட்டார் சுற்றலாம்; நிலையாக நிற்கும் ஸ்டேட்டரில் கட்டிய கம்பி இம்மியும் அசையக் கூடாது. வைண்டரின் கலை முழுவதும் அந்தத் துள்ளலை அடக்குவதில்தான் இருக்கிறது.

கரிந்த காயிலை, அதாவது கம்பிச் சுருளை, வெட்டி எடுப்பதற்கு முன் அதன் ஜாதகத்தை ஒரு நோட்டில் எழுதிவிடுவார்: கம்பியின் கேஜ், ஒவ்வொரு காயிலுக்கும் எத்தனை டர்ன், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்கு, இணைப்பு ஸ்டாரா டெல்டாவா. டர்ன் குறைந்தால் இரும்பில் காந்தம் அளவு மீறி, மோட்டார் சும்மா ஓடும்போதே சுடும். கூடினால் இழுவை போய்விடும்.

பிறகு ஸ்லாட்டுகளில், அதாவது ஸ்டேட்டர் இரும்பின் பள்ளங்களில், லெதராய்டு பேப்பரை மடித்துச் செருகி, கம்பியை இறக்குவார். ஸ்லாட்டின் வாய் குறுகல் என்பதால் சில இழைகளாகத்தான் உள்ளே போகும். எனாமலில் நகக்கீறல் அளவு பட்டாலும் அந்த இடம் ஒருநாள் ஷார்ட் ஆகும். நிரம்பியதும் பேப்பரை மூடி, சீவிய மூங்கில் குச்சியை மேலே அடித்து இறுக்குவார். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கம்பிமீது விசை நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். குச்சி தளர்ந்தால் கம்பி அத்தனை முறையும் உரசும்.

ரசிகன் கண் வைக்க வேண்டிய இடம் ஓவர்ஹேங், அதாவது ஸ்லாட்டுக்கு வெளியே வளைந்து நிற்கும் காயில் தலைப்பு. அங்கே கம்பியைப் பிடித்துக்கொள்ள இரும்பு இல்லை. ஒரே திசையில் மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும், எதிரெதிர்த் திசை என்றால் தள்ளும் என்று ஆம்பியர் 1820-இல் காட்டினார். மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்யும் நொடியில் வழக்கத்தைப்போல் 6 மடங்கு மின்சாரம் பாயலாம். விசையோ அதன் வர்க்கமாக ஏறும்: 36 மடங்கு. அந்த உலுக்கலைத் தாங்குவது ஒரு நூல் கட்டு. கைதேர்ந்தவர் கட்டினால் முடிச்சுகள் ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும். காயில் தலைப்புகள் ரோட்டாரிலும் இடிக்காது, மூடியிலும் இடிக்காது.

அடுத்து சூடேற்றி ஈரத்தை விரட்டி, வார்னிஷ் ஊற்றி, அடுப்பில் வேகவைப்பார். தனித்தனி இழையாக இருந்தது ஒரே கட்டியாக இறுகும். மெக்கரில் இன்சுலேஷன் பார்த்து, ஓடவிட்டு, மின்சாரத்தை அளக்கும் டாங் டெஸ்டரை மூன்று ஃபேஸிலும் மாட்டுவார். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். சுற்றும் திசை தப்பாக இருந்தால் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சரி.

நான்கு துருவ மோட்டாரில் சுழலும் காந்தப் புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று. ரோட்டார் முழுச் சுமையில் 1440 அளவில் பின்தங்கியே ஓடும். எட்டிப் பிடித்துவிட்டால் ரோட்டார் பட்டைகளில் மின்சாரமும் இல்லை, விசையும் இல்லை. அந்தச் சிறிய இடைவெளியில்தான் ஆலையின் இழுவை முழுவதும் பிறக்கிறது.

ரீவைண்டிங் முடிந்த மோட்டாரை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பளபளக்கும் புதுப் பெயின்டைப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். மூடியைப் பூட்டுவதற்கு முன்பே பட்டறைக்குப் போய்விடுங்கள். ஓவர்ஹேங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக நின்றால் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.